கக்கவைத்தல்

அம்மாவின் கணுக்கால் புண் ஆறி இரண்டு வருஷம் ஆகிறது. ஆறிய இடத்தில் தோல் கருத்து இறுகி, கழுவாமல் விட்ட பாத்திரத்தில் புளி காய்ந்ததுபோல் ஒரு மங்கிய பளபளப்போடு இருக்கிறது. அவள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்குத்தான் அந்த வைத்தியத்தில் ஏதோ ஒன்று முடியாமல் நிற்கிறது. சமையலறையில் மஞ்சள்தூள் டப்பாவைத் திறக்கும்போது சில நாள் அந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. கிண்ணத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர். சற்று முன்புவரை அம்மாவின் காலில் தொங்கிக்கொண்டிருந்த அட்டை அதற்குள் கிடக்கிறது. வாயிலிருந்து ரத்தம் நூல் நூலாக இறங்குகிறது. மஞ்சளில் ரத்தம் கலந்தால் ஆரத்தி நிறம் வரும் என்று ஏனோ எதிர்பார்த்திருந்தேன். அப்படி வரவில்லை, ஊறப்போட்ட செங்கல்லைப் போல் கலங்கிய ஒரு நிறம். பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர் கையுறை போட்ட இடது கையால் அட்டையின் வாலைப் பிடித்துத் தூக்கி, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வாலிலிருந்து வாய்வரை மெல்ல உருவினார். தீரப்போகிற பற்பசைக் குழாயை நாம் உருவுவோமே, அந்தப் பக்குவம். இன்னும் கொஞ்சம் வந்தது. இன்னொரு முறை உருவினார். அதுவரை வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏம் பாப்பா, அது தின்னத எதுக்குப் புடுங்குற?" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இல்லாட்டி அது செத்துடும் பாட்டி" என்றார். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். அந்த முகத்திருப்பலிலிருந்துதான் எனக்கு இது ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

இதை ஜீவகாருண்யம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அட்டையைப் பார்த்துக் கலங்குகிறவள் அல்ல அம்மா. காவிரிக் கடைமடையில் நடவு வயலில் வளர்ந்தவள். சேற்றிலிருந்து காலைத் தூக்கினால் ஆடுதசையில் இரண்டு மூன்று தொங்கும். வரப்பில் ஏறிப் புகையிலைச் சாற்றைத் துப்பினாலோ சுண்ணாம்பைத் தடவினாலோ சுருண்டு விழும். விழுந்ததை உப்பில் போட்டுக் கொல்வது பிள்ளைகளுக்கு விளையாட்டு. அவள் கொன்ற அட்டைகளுக்குக் கணக்கு கிடையாது. அதைச் சொல்லும்போது அவளுக்கு வருத்தமும் கிடையாது. ஆனால் பந்தியில் கடைசி ஆள் எழுந்திருக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்காதவள். தின்றுகொண்டிருக்கும் நாயை விரட்டினால் எங்களுக்குத்தான் அடி விழும். கொல்வது ஒரு கணக்கு, உண்டதைப் பிடுங்குவது வேறு கணக்கு என்று அவளுக்குள் தனித்தனியாக இரண்டு நோட்டுகள் இருந்திருக்க வேண்டும். முதல் நோட்டில் அட்டை பூச்சி. இரண்டாவது நோட்டில், அவள் காலை நீட்டி, முக்கால் மணிநேரம் அசையாமல் உட்கார்ந்து சாப்பிடக் கொடுத்ததால், அது விருந்தாளியாகிவிட்டது. எனக்கு இந்தப் பிரிவினை முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

நாங்கள் அங்கே போனதும் பெரிய நம்பிக்கையோடு அல்ல. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது என்பாள். ஆங்கில மருத்துவர் வெரிகோஸ் வெயின் என்று எழுதினார். கணுக்காலுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவில் தொடங்கிய புண் ஏழெட்டு மாதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இறுக்கமான காலுறையைப் போட்ட அன்றே கழற்றி எறிந்தாள். கடைசியில் ஓர் அரசு சித்த மருத்துவமனையின் புறமருத்துவப் பிரிவில் அட்டை விடலாம் என்றார்கள். சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளில் அட்டை விடலும் ஒன்று. ஒற்றடம், பற்று, தொக்கணம் வரிசையில் அதுவும் வருகிறது. 'விடல்' என்ற சொல் அன்றைக்கே என்னை உறுத்தியது. ஆட்டை மேய விடுவதுபோல, மாட்டைத் தண்ணீருக்கு விடுவதுபோல, அட்டையை விடுகிறோம். விடப்படுகிறது எது என்று யோசித்தால் அது அட்டை என்றுகூடச் சொல்ல முடியாது. அதன் பசியைத்தான் விடுகிறார்கள்.

அலமாரியில் வரிசையாகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். வாயில் காஸ் துணி கட்டியிருந்தது. உள்ளே முக்கால்வாசித் தண்ணீர், கண்ணாடியில் வாலை ஒட்டிக்கொண்டு பாசிப்பச்சை நிற உடம்புகள். அந்தப் பெண் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பசியாக இருப்பதைத் தெரிந்தெடுக்க வேண்டுமாம். ஒல்லியாக, நீளமாக, தண்ணீர் ஆடியதும் தலையைத் தூக்கித் தேடுகிறதா என்று பார்க்க வேண்டும். மந்தமாகச் சுருண்டு கிடப்பது ஆகாது. அன்று காலையில் அம்மா காலில் சோப்பு போட்டுக் குளித்திருந்தாள். அதற்காக ஒரு சின்னக் கண்டிப்பு கிடைத்தது. சோப்பு வாசனை இருந்தால் அட்டை வாயே வைக்காது. வெறும் தண்ணீரில் காலைத் துடைத்துத் துடைத்து, மனித வாசனை மட்டும் மிஞ்சும்படி செய்தார்கள். அட்டையை முதலில் மஞ்சள் தண்ணீரில் விட்டு, துள்ளி எழுந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரப் பஞ்சால் பிடித்துப் புண்ணின் ஓரத்தில் வைத்தார்கள். அது தலையை இப்படியும் அப்படியும் அசைத்தது. கடிக்கவில்லை. ஊசி முனையால் தோலில் ஒரு பொட்டு ரத்தம் வரவழைத்தார்கள். அவ்வளவுதான். கழுத்து போன்ற பகுதி வில்லாக வளைந்து எழும்ப, வாய் தோலில் பதிந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பின் ஓரம் முழுக்க ஓர் அலை வாயிலிருந்து வாலுக்கு ஓடத் தொடங்கியது. கன்று முட்டிக் குடிக்கும்போது அதன் தொண்டையில் தெரியுமே, அந்த ஓட்டம். ஈரத்துணியை மேலே போர்த்திவிட்டு, வாயை மட்டும் திறந்து வைத்தார்கள். நான் நாற்காலியை நகர்த்திப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் மாதிரி இருந்தது விரல் மாதிரி ஆயிற்று. அருவருப்பு வரும் என்று நினைத்தேன், வந்ததும் உண்மை. ஆனால் அருவருப்புக்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஓர் உயிர் வயிறார உண்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வருமே, சும்மா ஒரு திருப்தி. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது உண்டது என் அம்மாவை.

பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் 13-ஆவது அத்தியாயம் முழுவதும் அட்டைக்குத்தான். வீட்டுக்கு வந்த வாரம் அதன் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். அந்தப் பெண் செய்த ஒவ்வொரு கைவேலையும் அநேகமாக அப்படியே அதில் இருந்தது. பன்னிரண்டு வகை அட்டைகள், ஆறு விஷமுள்ளவை, ஆறு விஷமற்றவை. கபிலா, பிங்களா, சங்குமுகி, புண்டரீகமுகி என்று நாட்டியக்காரிகளுக்கு வைப்பதுபோல் பெயர்கள். ரத்தம் எடுக்கும் வழிகளிலேயே மிக மென்மையானது என்பதால் அரசருக்கும் செல்வந்தருக்கும் குழந்தைக்கும் கிழவருக்கும் பயந்தவருக்கும் பெண்ணுக்கும் அட்டை. புதுப்பானையில் குளத்துச் சேறும் தண்ணீரும் விட்டு வளர்க்க வேண்டும், மூன்று நாளைக்கொரு தரம் தண்ணீரும் இரையும் மாற்ற வேண்டும், ஏழு நாளைக்கொரு தரம் பானையையே மாற்ற வேண்டும். கடிக்கும்போது மெல்லிய வெள்ளை ஈரத்துணியால் உடம்பைப் போர்த்தி முகத்தை மட்டும் திறந்துவைக்க வேண்டும். இவ்வளவு கரிசனத்தைப் படித்துக்கொண்டே வந்தால் கக்கவைக்கும் இடம் வருகிறது. அரிசித் தவிட்டை உடம்பில் பூசி, எண்ணெயும் உப்பும் வாயில் தடவி, இடது கையால் வாலைப் பிடித்து வலது கையால் வாயை நோக்கி உருவு. பிறகு தண்ணீரில் விடு. சரியாகக் கக்கிய அட்டை இரை தேடி அலையும். அசையாமல் அடியில் கிடந்தால் கக்கியது போதவில்லை, மறுபடி கக்கவை. போதாமல் விட்டால் இந்திரமதம் என்ற தீராத நோய் அதற்கு வரும். அந்தப் பெண் சொன்னது சரிதான். கக்காவிட்டால் செத்துவிடும் என்பது குறைந்தது பதினைந்து நூற்றாண்டுப் பழைய வாக்கியம். ஆனால் பரீட்சை என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அட்டை நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம், அதற்கு மறுபடியும் பசிக்க வேண்டும்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்குகிறது. குளத்தில் ஓர் எருமையின் மேலேறி வயிறு முட்டக் குடித்த அட்டையை யாரும் உருவிவிடுவதில்லை. அது தன் எடையைப்போலப் பல மடங்கு குடித்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் அதைச் செரித்துக்கொண்டு கிடக்கும். ஒரு வேளை உணவு ஆறு மாதத்துக்கு வரும். அதன் குடலில் வாழும் ஏரோமோனாஸ் என்ற நுண்ணுயிர் அந்தச் செரிமானத்துக்குத் துணை. அப்படியானால் அம்மா கொடுத்தது அதற்கு அரை வருஷத்துச் சாப்பாடு. அதை அரை நிமிஷத்தில் உருவியெடுத்தது அதன் உயிரைக் காக்கவா, அடுத்த வாரத்துக்கு அதைத் தயார் செய்யவா? நோயாளியின் கெட்ட ரத்தம் அட்டைக்கு ஆகாது, அதனால் வெளியேற்றுகிறோம் என்று பதில் சொல்லலாம். அந்தப் பெண்ணும் அதைத்தான் நம்பினார், பொய்யாகச் சொல்லவில்லை. இரண்டு காரணங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகவும் இருக்கலாம். வேலைக்காரர்களை நாம் நடத்தும் விதத்தில் இதுமாதிரிக் காரணங்களைக் கேட்டுப் பழகியிருப்பதால் எனக்குத்தான் காது கோணலாகக் கேட்கிறதோ என்னவோ.

கெட்ட ரத்தம் என்ற சொல்லோடும் நான் கொஞ்சம் மல்லுக்கட்டினேன். பாலும் நீரும் கலந்ததில் அன்னம் பாலை மட்டும் பருகுவதுபோல, நல்லதும் கெட்டதும் கலந்த ரத்தத்தில் அட்டை கெட்டதை முதலில் குடிக்கும் என்று இன்னோர் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் சொல்கிறது. அன்னத்தின் குணத்தைக் கொண்டுபோய் அட்டைக்குக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தன்வந்திரியின் கையில் அமிர்த கலசத்தோடு அட்டையையும் வைத்த மனம்தான் இதையும் எழுதியிருக்கும். உயிரியல் படித்தவர்கள் சிரிப்பார்கள்: மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் நூறு பல் அளவுக்கு, தோலில் மூன்று கீற்றாக ஒரு வெட்டு, அதற்குப் பின்னால் கிடைத்ததைக் குடிக்கும், அதற்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது. ஆனால் சிரித்தவர்களே 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அட்டையைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அறுந்த விரலையோ காதையோ ஒட்டவைக்கும்போது தமனியைத் தைப்பது எளிது, சிரையைத் தைப்பதுதான் கஷ்டம். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. ஒட்டவைத்த உறுப்பு நீலம் பாய்ந்து வீங்கிச் சாகத் தொடங்குகிறது. 1985-இல் பாஸ்டனில் ஜோசப் அப்டன் என்ற அறுவை மருத்துவர், நாய் கடித்துத் துண்டித்த ஐந்து வயதுப் பையனின் காதை ஒட்டவைத்தபோது இதுதான் நடந்தது. வேல்ஸிலிருந்து அட்டைகளை வரவழைத்து அந்தக் காதில் விட்டார். காது பிழைத்தது. புதுச் சிரைகள் முளைத்து வழி திறக்கும்வரை வெளியே போகும் வழியாக அட்டை இருந்தது, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் கெட்ட ரத்தம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கெட்டுப்போனது என்று அதற்குப் பொருள் அல்ல. திரும்பிப் போக முடியாமல் நின்றுவிட்டது. அம்மாவின் காலிலும் அதுதான். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்து, மேலே ஏற வேண்டிய ரத்தம் கணுக்காலில் குட்டையாகத் தேங்கியிருந்தது. குட்டை என்றால் அட்டைக்குத் தெரியாதா.

இருந்தாலும் அம்மாவின் புண் அட்டையால்தான் ஆறியது என்று கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னால் நான் மாட்டேன். அந்த ஆறு வாரமும் இரவில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தாள். மருத்துவமனைக்குப் போகிறோம் என்ற பயத்தில் காலுறையையும் மறுபடி போட்டாள். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினோம். இதில் எது எவ்வளவு என்று யார் பிரிப்பது, அன்னமா? ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஆந்த்ரேயாஸ் மிஷால்சனும் உடனிருந்தோரும் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 51 பேரிடம் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஒரே ஒரு தடவை அட்டை, மற்றவர்களுக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு. ஏழாம் நாளில் அட்டை விட்டவர்களின் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் தன் முழங்காலில் நாலைந்து அட்டை தொங்கியது யாருக்குத் தெரியாமல் இருக்கும்? மாத்திரையில் போலி செய்யலாம், அட்டையில் எப்படிச் செய்வது? தன் ரத்தத்தைக் கண்ணெதிரே கொடுத்தவருக்கு ஏதோ ஒன்று இறங்கிப்போனதுபோல் இருக்கத்தானே செய்யும். அது பொய் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. உறுதியாக நிற்பது அட்டையின் எச்சில்தான். கடித்த இடத்தில் ரத்தம் மணிக்கணக்கில் உறையாமல் கசிவதற்குக் காரணமான பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது என்று 1884-இல் ஜான் ஹேக்ராஃப்ட் காட்டினார். பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. 1950-களில் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் அதைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று இதயத்தில் ஸ்டென்ட் வைக்கும்போது செலுத்தும் ஒரு மருந்து அதன் சாயலில் செய்யப்பட்டதுதான். அந்த எச்சில் சுரந்தது நமக்காக அல்ல. தான் குடிப்பது பாதியில் உறைந்துவிடக்கூடாது என்ற அதன் பதற்றத்திலிருந்து சுரந்தது.

மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை என்றால் அட்டை யார்? சுஸ்ருதர் அதை அனுசஸ்திரங்களின் பட்டியலில் சேர்க்கிறார். கத்தி கிடைக்காத இடத்தில், அல்லது கத்திக்குப் பயப்படுகிறவருக்கு, கத்திக்குப் பதிலாக உதவும் துணைக் கருவிகள்: மூங்கில் சிம்பு, படிகம், நகம், நெருப்பு, அட்டை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2004-இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் அட்டைகளை விற்க அனுமதி கொடுத்தபோது அதை மருத்துவச் சாதனம் என்ற பிரிவில்தான் வைத்தது. சக்கர நாற்காலியும் ஊசியும் இருக்கிற பிரிவு. இவ்வளவு தூரத்துக்கு அப்பால் நிற்கும் இரண்டு மருத்துவங்களும் இந்த ஒன்றில் கைகுலுக்கிக்கொள்கின்றன. பெயரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஹிருடோ மெடிசினாலிஸ் என்று பெட்டியில் அச்சடித்து விற்றுவந்ததெல்லாம் உண்மையில் ஹிருடோ வெர்பானா என்ற வேறு இனம் என்று 2007-இல் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். மேலைநாட்டு மருத்துவமனைகளில் கக்கவைக்கும் வேலை கிடையாது. ஒரு நோயாளி, ஒரு முறை. நிறைந்து விழுந்ததும் ஆல்கஹாலில் போட்டுக் கொன்று, தொற்றுக் கழிவோடு சேர்த்துவிடுவார்கள். சுகாதாரம் கருதினால் அதுதான் சரி. அதற்கு முன்னால் பண்ணையில் பல மாதம் பட்டினி போட்டு வைத்திருப்பார்கள், அதுவும் சரி. பசியில்லாத அட்டை எதற்கு ஆகும்?

அட்டைக்குப் பசி வேண்டும் என்பதால் வேறு யாரெல்லாமோ அதன் வாய்க்குப் போயிருக்கிறார்கள். எல்லா நோயும் வயிற்றிலும் குடலிலும் ஏற்படும் அழற்சியே என்று பாரிஸில் புருஸே என்ற மருத்துவர் சொன்ன காலம். நோயாளிக்குப் பட்டினி, கூடவே ஒரே தடவையில் ஐம்பது அட்டை. 1833-இல் பிரான்ஸ் இறக்குமதி செய்த அட்டைகள் 4 கோடிக்கும் மேல். இத்தனை அட்டைக்கு எங்கே போவது? அதற்கு முன்பே 1800-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் டோரதி வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் அண்ணனும் வழியில் ஒரு கிழவரைப் பார்த்தார்கள். அட்டை பிடிப்பதுதான் அவர் தொழில். அட்டை அருகிப்போய்ப் பிச்சையெடுத்துக்கொண்டிருந்தார். நூறு அட்டை இரண்டரை ஷில்லிங்குக்கு விற்றது இப்போது முப்பது ஷில்லிங் என்று டோரதி தன் நாட்குறிப்பில் விலையையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அண்ணன் அந்தக் கிழவரைக் கவிதையாக்கி மலைபோல் உயர்த்தினார். எனக்கு ஏனோ தங்கை எழுதிய விலைதான் மனதில் நிற்கிறது. அட்டை பிடிக்கிறவர்களுக்குத் தூண்டிலும் வலையும் அவர்களுடைய கால்தான். கெண்டைக்காலைத் திறந்து சதுப்பில் இறங்கி நிற்க வேண்டும். பிறகு கால்களும் போதாமல், போர்தோ பக்கம் அட்டைப் பண்ணைகள் வந்தபோது, உழைத்து ஓய்ந்த கிழட்டுக் குதிரைகளை அந்தக் குட்டைகளுக்குள் ஓட்டிவிட்டார்கள். அந்தக் குதிரைகள் தண்ணீரில் எப்படி நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஈயை ஓட்ட வாலை வீசியிருக்கும். கீழே நடப்பதற்கு வால் எட்டாது.

நம் பக்கத்தில் அட்டை வசவுச் சொல். உழைப்பவன் ரத்தத்தை உறிஞ்சும் அட்டைகள் என்று மேடையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறிக்கப் போன சனங்களுக்கு அது வசவு மட்டுமல்ல, காலையில் தேயிலைத் தூருக்குள் கால்வைத்த உடனே ஏறும் நிஜம். மழைக்காலத்தில் இலை நுனியில் எழுந்து நின்று, நடந்துபோகும் சூட்டுக்காகத் தலையாட்டிக்கொண்டு காத்திருக்கும் காட்டட்டை. அந்தப் பெண்களின் கால்களைப் பற்றி எழுதும்போது வைத்தியம் என்ற சொல் என் கையில் வரமாட்டேன் என்கிறது. அட்டை நிறைந்தால் தானே விழுந்துவிடும், வட்டிக்காரனும் துரையும் விழமாட்டார்கள் என்று ஒரு வரி எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். எழுதப் பேனாவும் துடிக்கிறது. ஆனால் அதுவும் அட்டையை ஒரு வேலைக்கு விடுவதுதானே, இந்த முறை உவமை வேலைக்கு. அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது குட்டையைத்தான் நாடும் என்ற பழமொழியில் ஏளனம் இருக்கிறது. மெத்தையில் வைத்தது யார், எதற்காக என்று பழமொழி கேட்பதில்லை. நிறைந்தால் விழும் என்ற குணம்கூட மருத்துவத்துக்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் உடம்பில் ஒரு கீறல் போட்டுவிடுவார்களாம். குடித்தது அந்த வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும், அது நிறையாமல் குடித்துக்கொண்டே இருக்கும். 2001 வாக்கில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயந்திர அட்டையே செய்துபார்த்தார்கள். அதற்குப் பசியும் இல்லை, நிறைவதும் இல்லை. ஒருவகையில் அதுதான் நியாயமான தீர்வு. ஆனாலும் அந்தக் கீறல் போட்ட அட்டை என் தூக்கத்தில் ஒருமுறை வந்தது.

இரண்டாவது வாரமே அலமாரியில் ஒரு பாட்டில் தனியாக நின்றது. பிளாஸ்திரி ஒட்டி, நீலப் பேனாவால் அம்மாவின் பெயரும் ஓ.பி. எண்ணும் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடக்கூடாது. சிகிச்சை முடியும்வரை அவை அம்மாவுக்கானவை. மூன்று அட்டைகள். குடும்ப அட்டையில் அப்பாவின் பெயருக்குக் கீழே இரண்டாவதாக இருந்தே பழகிய பெயர், இந்த அட்டைக்கு மேலே தனியாக இருந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். படித்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த வாரங்களில் உள்ளே நுழைந்ததும் அவள் கண் முதலில் அந்த பாட்டிலைத்தான் தேடும். "மெலிஞ்சிருக்கு பாரு" என்பாள் சில நாள். மெலிந்திருப்பதுதான் நல்லது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அட்டை காலில் ஏறியதும் கையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள், தொடமாட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கட்டுக்கு மேலே ரத்தம் ஊறியிருக்கும். பக்கத்து சீட்டுக்காரர்கள் பதறுவார்கள். அவள், "அது குடிச்ச மிச்சம்" என்று சாதாரணமாகச் சொல்வாள். கக்கவைக்கும்போது மட்டும் ஒவ்வொரு வாரமும் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும் தவிர ஒன்றுமில்லை.

ஆறாவது வாரம் புண் வாய்கூடியிருந்தது. இனி வர வேண்டாம் என்றார்கள். ஓ.பி. சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது அம்மா அந்தப் பெண்ணிடம் பாட்டிலைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போகும் அவசரத்தில் தலையை மட்டும் ஆட்டினார். அலமாரியின் கீழ்த்தட்டில் ஸ்பிரிட் பாட்டிலையும், அதன் பக்கத்தில் மஞ்சள் நிறக் கழிவு வாளியையும் நான் முதல் நாளே பார்த்திருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது, சித்திரை கடைசி. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு காலைச் சொறிந்தாள். கடித்த தழும்பு சில நாள் அரிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். "அதுங்கள என்ன பண்ணுவாங்களாம்?" என்றாள். குளத்தில் விட்டுவிடுவார்களாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்து, ஏறி, இடம் பிடித்து, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கேட்டாள்.

"எந்தக் கொளத்துல? தண்ணி கெடக்குதா அதுல?"